கரட்டில் ஒரு பாதை: புறம்போக்கு மலையில் தன்னார்வலர்கள் செய்வது என்ன?

மதுரைக்கு மேற்கே, செக்கானூரணி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற ஒரு கரட்டில் மூன்று வருடமாகப் பாதை போட்டுக்கொண்டிருக்கிறோம். நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் சேர்ந்து பயன்படுத்துவதற்கான பாதை. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்குக் கூடுவோம், ஒன்பதரைக்கு இறங்கிவிடுவோம். அதற்கு மேல் வெயில் விடாது. இதுவரை முடிந்தது இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு. அடிவாரத்து டீக்கடையில் எங்களைப் பார்த்து இதைக் கேட்காத ஆள் இல்லை: “அதான் ஆட்டுத்தடம் இருக்குல்ல தம்பி, அப்புறம் எதுக்குப் புதுசா வெட்டுறீங்க?”

நியாயமான கேள்வி. மழைக்காகத்தான் என்று சொன்னால் யாருக்கும் நம்பிக்கை வருவதில்லை. மழைக்கு ஏங்கியே பழகின ஊர் இது. மழை ஒரு இடத்தைக் கெடுத்துவிடும் என்று சொன்னால் காதில் ஏறாது. ஆனால் மலைச்சரிவில் பாதை போட இறங்கினால் முதலில் கணக்குப் பார்க்க வேண்டியது தண்ணீரைத்தான். மனிதன் எப்படி ஏறுவான் என்பது இரண்டாவது கணக்கு.

மதுரையில் ஆண்டுக்குச் சராசரியாக 850 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. அதில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த சரளை மண்ணின் மேல் ஒரே ராத்திரியில் அவ்வளவு தண்ணீர் இறங்கும்போது என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் கரட்டிலேயே சாட்சி இருக்கிறது. அடிவாரத்துக் கருப்பசாமி கோயிலிலிருந்து உச்சிக்கு நேராக ஏறும் பழைய தடம் அது. ஒரு காலத்தில் ஒற்றையடிப்பாதையாக இருந்திருக்கிறது. இப்போது முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால். ஓர் உசிலை மரத்தின் வேர்கள் மண் இழந்து, கயிறு கயிறாக அந்தப் பள்ளத்துக்குள் தொங்குகின்றன. பள்ளத்தில் நடக்க முடியாததால் ஆட்கள் அதற்குப் பக்கத்தில் நடந்தார்கள், அதுவும் பள்ளமானது. அப்புறம் அதற்கும் பக்கத்தில். இப்படி மூன்று வாய்க்கால் அடுத்தடுத்து இருக்கின்றன. நடுவில் புல் இல்லை, புதர் இல்லை, வெறும் சுக்கான் கல்.

காரணம் எளிது. மிதிபட்ட மண் இறுகிவிடும், தண்ணீரை உறிஞ்சாது. சரிவுக்கு நேராகத் தடம் இருந்தால், மழைநீருக்குத் தயாராக வெட்டிவைத்த வாய்க்கால் மாதிரி ஆகிவிடும். இறங்க இறங்க வேகம் கூடும். வேகம் இரட்டிப்பானால் அதன் ஆற்றல் நான்கு மடங்கு. மண்ணை வாரிக்கொண்டு போய்க் கீழே உள்ள கண்மாயில் கொட்டும். ஆட்டுக்கு இது பிரச்சினை இல்லை. ஆடு ஒரே கோட்டில் போகாது, மேய்ந்துகொண்டே பரவிப் போகும், எடையும் குறைவு. வாரத்துக்கு ஐம்பது பேர் ஒரே கோட்டில் நடக்கத் தொடங்கினால், கூடவே சைக்கிள் சக்கரமும் உருண்டால், ஆட்டுத்தடம் இரண்டு மழைக்காலம் தாங்குவதே பெரிசு.

அப்படியானால் தாங்குகிற பாதை எப்படி இருக்கும்? உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் கையால் பாதை போட்டுப் போட்டுக் கண்டுபிடித்த சில கணக்குகள் உண்டு. அமெரிக்காவில் 1937-ல் முழுமையடைந்த அப்பலாச்சியன் பாதை 14 மாநிலங்கள் வழியாக 3,500 கிலோமீட்டர் போகிறது. அதை இன்றுவரை பராமரிப்பது பெரும்பாலும் உள்ளூர் மன்றங்களைச் சேர்ந்த தன்னார்வலர்கள்தான். 1988-ல் தொடங்கிய சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம், சைக்கிளும் காலும் சேர்ந்து போகும் பாதைகளுக்கு இந்தக் கணக்குகளைத் திரட்டி எழுதிவைத்தது. அதில் முதலாவது, பாதி விதி. மலைச்சரிவு எவ்வளவு சாய்வோ, பாதையின் ஏற்றம் அதில் பாதிக்கு மேல் போகக்கூடாது. போனால் தண்ணீர் பாதையைக் குறுக்கே கடக்காமல் பாதையோடேயே ஓடத் தொடங்கிவிடும். இரண்டாவது, மொத்தப் பாதையின் சராசரி ஏற்றம் பத்து சதவீதத்துக்குள், அதாவது பத்து மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் ஏற்றம் என்பதற்குள், நிற்க வேண்டும். நூறு மீட்டர் உயரமுள்ள கரட்டுக்கு ஒரு கிலோமீட்டராவது வளைந்து போக வேண்டும் என்று அர்த்தம். “நேரா ஏறினா ஒரு பீடி நேரம், இப்படிச் சுத்திச் சுத்திப் போறீங்களே” என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் வருத்தப்பட்டது இதனால்தான்.

இந்தச் சதவீதத்தை மலையில் அளப்பதற்கென்று வெளிநாட்டில் தனிக்கருவி இருக்கிறது. எங்களுக்கு அது தேவைப்படவில்லை. குழுவில் கொத்தனார் வேலை பார்க்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் கொண்டுவந்தது கட்டட வேலையில் மட்டம் பார்க்கிற டியூப். தண்ணீர் நிரப்பிய, கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் குழாய். கீழே ஒருவர், பத்து மீட்டர் கயிற்றின் மறுமுனையில் மேலே ஒருவர். இருவர் கையிலும் சென்டிமீட்டர் குறித்த குச்சி. குழாயின் இரண்டு முனையிலும் தண்ணீர் ஆடி ஆடி அடங்கும் வரை பேசாமல் நிற்க வேண்டும். நடுவில் ஒரு காற்றுக்குமிழ் இருந்தாலும் கணக்குப் பொய்யாகிவிடும் என்பதால் அண்ணன் குழாயை விரலால் சுண்டிக்கொண்டே வருவார். கீழே நிற்பவருக்குத் தரையிலிருந்து 130 சென்டிமீட்டரில் தண்ணீர் நிற்கிறது, மேலே நிற்பவருக்கு 50-ல் நிற்கிறது என்றால் வித்தியாசம் 80. பத்து மீட்டருக்கு 80 சென்டிமீட்டர், எட்டு சதவீதம். சரி, அந்த இடத்தில் ஒரு பிடி கோலமாவு. மேலே நின்றவர் கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்தால் பன்னிரண்டு சதவீதம் வந்துவிடும். “இறங்குங்க, இறங்குங்க” என்று அண்ணன் குரல் கொடுப்பார். ஒரு காலை முழுக்க இப்படிப் புள்ளி வைத்துப் போனோம். இறங்கி வந்து கீழிருந்து பார்த்தபோது, கரட்டின் இடுப்பில் வெள்ளைப் புள்ளிகள் ஒரு மெல்லிய கோடாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. ஒரு மம்பட்டி வெட்டு விழுவதற்கு முன்பே பாதையின் ஆயுள் அந்தப் புள்ளிகளில் முடிவாகிவிடுகிறது. அன்றைக்கு அவசரப்பட்டிருந்தால் அப்புறம் எவ்வளவு உழைத்தும் பயன் இருந்திருக்காது.

வெட்டுகிற வேலைக்கு வருவோம். சரிவில் ஒரு படி வெட்டுவதுபோல முழு அகலத்தையும் மலை மண்ணுக்குள்ளேயே வெட்ட வேண்டும். அகலம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைய இருந்தால் போதும். பாதி வெட்டி, அந்த மண்ணை வெளிப்புறம் கொட்டி மிதித்து மீதி அகலத்தைச் சேர்த்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் கொட்டிய மண் முதல் பெருமழையில் சரிந்துவிடும். எனவே வெட்டிய மண்ணைச் சட்டியில் அள்ளிக்கொண்டு போய்ப் பழைய வாய்க்கால் பள்ளங்களை நிரப்புவோம். அப்புறம் பாதையின் தளம் வெளிப்பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். ஒரு மீட்டர் அகலத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் சாய்வு. காலுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். மேலிருந்து வருகிற தண்ணீர் பாதையின் மேல் விரிந்து ஓடி, மறுபக்கம் சரிவில் இறங்கிவிடும். இதோடு, பத்துப் பதினைந்து மீட்டருக்கு ஓரிடத்தில் ஏற்றத்தை நிறுத்தி, கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏற வைக்க வேண்டும். தப்பித்தவறிப் பாதையோடு ஓடிவரும் தண்ணீர் அந்தத் தாழ்வில் வெளியேறிவிடும். சைக்கிள்காரர்களுக்கு அந்த ஏற்ற இறக்கம் தனி சந்தோஷம். அவர்களுக்காகப் போட்டது என்று நினைக்கிறார்கள்.

இதில் எங்களுக்குப் பிடிபட நாளான விஷயம் ஒன்று உண்டு. அதைச் சொல்லியே ஆக வேண்டும். எங்களோடு வருகிறவர்களில் பாதிப் பேர் வயக்காட்டில் வேலை செய்து வளர்ந்தவர்கள். மம்பட்டி அவர்கள் கையில் தானாகப் பேசும். முதல் மாதம் அவர்கள் வெட்டிய இடமெல்லாம் பாதையின் வெளி ஓரத்தில் அழகாக ஒரு வரப்பு எழுந்திருந்தது. யாரும் சொல்லிச் செய்ததில்லை. தலைமுறை தலைமுறையாகத் தண்ணீரை நிறுத்திப் பழகிய கை, ஓரத்தில் மண்ணை இழுத்து அணைத்துத்தான் நிற்கும். வயலில் உயிர் காக்கிற அந்த வரப்பு, பாதையில் அதன் எமன். வரப்பு இருந்தால் தண்ணீர் வெளியே போகாது, பாதையே வாய்க்காலாகிவிடும். நூறு நாள் வேலையில் வருடக்கணக்காகக் குழி வெட்டிய அக்கா ஒருவர்தான் இதை முதலில் பிடித்தார். “இங்க தண்ணிய நிப்பாட்டக் கூடாது, தொரத்தணும். அவ்வளவுதான?” என்று கேட்டுவிட்டு, மம்பட்டியைத் திருப்பிப் பிடித்து வரப்பை வெளிப்பக்கமாக இழுத்துத் தள்ளத் தொடங்கினார். அன்றிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு அவர்தான் சொல்லிக்கொடுக்கிறார். நாங்கள் படித்துத் தெரிந்துகொண்டதைவிட அவர் விளக்கம் தெளிவானது.

சரி, இது எல்லாம் யார் நிலத்தில்?

பொது நிலம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். தாலுகா ஆபீஸில் அதற்குப் பல பெயர். கிராமத்து ‘அ’ பதிவேட்டைப் புரட்டினால் ஒரே கரட்டைச் சுற்றி மலை, பாறை, கல்லாங்குத்து, தீர்வை ஏற்படாத தரிசு, மேய்க்கால், வண்டிப்பாதை, ஓடை, கண்மாய் என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளி வேறு. தரிசும் மலையும் வருவாய்த்துறை. மேய்க்கால், களம், தோப்பு போன்றவை ஊராட்சிப் பொறுப்பில் வரும். பெரிய கண்மாயின் கரை நீர்வளத்துறைக்குச் சொந்தம். உச்சியில் கோயில் இருந்தால் அறநிலையத்துறையையும் கேட்க வேண்டியிருக்கலாம். இரண்டு கிலோமீட்டர் பாதை இதில் நான்கு எல்லைகளைத் தாண்டிவிடும். எனவே கோலமாவு எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது, கிராம நிர்வாக அலுவலரிடம் உட்கார்ந்து சர்வே எண் ஒவ்வொன்றாகப் புல வரைபடத்தோடு பார்ப்பது. அலுப்பான வேலைதான். ஆனால் இதைச் செய்யாமல் தொடங்கியவர்களின் பாதை பாதியில் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

கிராம சபை வருடத்துக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதில் தீர்மானம் போட்டு வாங்குவது சட்டப்படி எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. வருவாய்த்துறை நிலத்துக்கு எழுத்துமூலம் அனுமதி தனியாக வேண்டும். இருந்தாலும் அந்தத் தீர்மானம் இல்லாமல் நான் ஒரு கல்லையும் புரட்ட மாட்டேன். சபையில் ஊர் கேட்கிற கேள்விகள் எந்த அதிகாரியும் கேட்காத கேள்விகள். கிடை போடுகிற இடத்தின் வழியாகப் பாதை போனால் ராத்திரி ஆட்டுக்கு யார் பொறுப்பு? பெண்கள் ஒதுங்குகிற புதர்ப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளியூர் ஆட்கள் வந்து நின்றால்? கோயில்காட்டுக்குள் செருப்புக் காலோடு போவார்களா? இந்த மூன்று கேள்விக்காக எங்கள் வழி மூன்று இடத்தில் மாறியது. மாறியதில் பாதை இன்னும் நன்றாக அமைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கோயில்காட்டை விட்டு விலகிப் போனதால் மேற்குச் சரிவில் நாகமலையின் முதுகு முழுதாகத் தெரிகிற ஒரு திருப்பம் கிடைத்தது.

அனுமதி கிடைத்தாலும் மண், கல் எதையும் கரட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. 1959-ஆம் ஆண்டின் சிறு கனிமச் சலுகை விதிகள் அங்கே குறுக்கே வரும். ஜே.சி.பி. வேண்டவே வேண்டாம். கடப்பாரை, பிக்காசு, மம்பட்டி, சட்டி, வெட்டரிவாள், இவ்வளவுதான் எங்கள் சாமான். சீமைக்கருவேல் ஆனாலும் புறம்போக்கில் நிற்கிற மரத்தை வேரோடு சாய்க்கக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். வழியில் நீட்டுகிற கிளையைக் கழிப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

காப்புக்காடு என்றால் கதையே வேறு. தமிழ்நாடு வனச் சட்டம் 1882-லிருந்து இருக்கிறது. அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவதே குற்றம். அப்புறம் குரங்கணி. 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டத்து மலையில் காட்டுத்தீயில் மலையேற வந்தவர்கள் சிக்கி 23 பேர் இறந்தார்கள். மதுரையிலிருந்து மலையேறப் போகிற யாரும் அந்த நாளை மறந்திருக்க மாட்டார்கள். அதே ஆண்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் மாநிலம் முழுக்க 40 வனப்பாதைகளைத் தேர்ந்தெடுத்து, இணையத்தில் முன்பதிவு செய்து உள்ளூர் வழிகாட்டியோடு போகிற திட்டத்தையும் தொடங்கியது. நல்ல ஏற்பாடு அது. ஆனால் ஒரு பள்ளிக்கூடப் பையன் ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஏறி இறங்க, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கரடு வேண்டும். அந்த இடத்தைத்தான் ஊர்ப் புறம்போக்குக் குன்றுகள் நிரப்ப முடியும் என்று நினைக்கிறேன்.

மதுரைக்கே உரிய இன்னொரு எச்சரிக்கை, சமணர் படுக்கைகள், அதாவது சமணத் துறவிகள் தங்கக் குகைத்தளங்களில் வெட்டிய கல் படுக்கைகள். மாங்குளம், அரிட்டாபட்டி, கொங்கர்புளியங்குளம், விக்கிரமங்கலம், முத்துப்பட்டி, அழகர்மலை, கீழவளவு, கருங்காலக்குடி, திருவாதவூர், யானைமலை, திருப்பரங்குன்றம் என்று நகரத்தைச் சுற்றி நிற்கிற குன்றுகளில் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய தமிழி (தமிழ் பிராமி) எழுத்துகள் பாறையில் இருக்கின்றன. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானம் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதியோடுதான் என்று 2010-ல் திருத்தப்பட்ட மத்தியச் சட்டம் சொல்கிறது. பட்டியலில் இல்லாத குகைத்தளமும் கரட்டில் இருக்கலாம். அதனால் பாறையில் பெயிண்ட் அடித்து அம்புக்குறி போடுவதே இல்லை என்று முதல் நாளே முடிவெடுத்தோம். திறந்த பாறையில் வழி காட்ட, இரண்டு முழத்துக்கு மேல் போகாத சிறு கல் அடுக்குகள் போதும். வேண்டாம் என்றால் ஒரு நிமிடத்தில் கலைத்துவிடலாம், தடம் இருக்காது.

சைக்கிளைப் பற்றிக் கொஞ்சம். நடப்பவர்களுக்கு மட்டும் என்றால் படிக்கட்டு வைத்துச் செங்குத்தான இடத்தைச் சமாளித்துவிடலாம், சக்கரத்துக்கு முடியாது. சக்கரம் விடாமல் ஒரு கோடு இழுத்துக்கொண்டே போகும், அந்தக் கோட்டில் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். அதைவிடக் கெடுதல், இறக்கத்தில் பிரேக்கை அழுத்திப் பின்சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டு வருவது. வளைவுக்கு முன்னாலேயே பாதையை ஒரு சின்ன ஏற்றமாக வைத்துவிட்டால் வேகம் தானாகக் குறையும், பிரேக்குக்கு வேலை இருக்காது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தெரிகிற அளவுக்குப் பார்வையை மறைக்கும் கிளைகளை வெட்டிவிட வேண்டும். நடப்பவருக்கு முதல் உரிமை. ஆடு வந்தால் இருவருமே ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது ஊரோடு பேசி வைத்த விதி. ஆனால் இதையெல்லாம்விட மதுரையில் சைக்கிள் பாதையைத் தீர்மானிப்பது முள். சீமைக்கருவேல முள்ளும் நெருஞ்சியும் எந்த டயரையும் விடாது. மாதம் ஒருமுறை பாதை முழுக்கச் சீமாற்றால் பெருக்குகிறோம். பார்த்துச் சிரித்தவர்கள், ஒரே நாளில் மூன்று பஞ்சர் ஒட்டியபின் தாங்களே சீமாறு வாங்கி வந்தார்கள்.

பெருக்குவது என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. இந்த மாதிரி வேலை நமக்குப் புதிதில்லை. ஏழாம் நூற்றாண்டில் அப்பர் கையில் உழவாரத்தோடு ஊர் ஊராகப் போய்க் கோயில் வளாகத்துப் புல்லையும் முள்ளையும் செதுக்கியதால்தான் இன்றைக்கும் மதுரையில் ஞாயிற்றுக்கிழமை கோயில் துப்புரவுக்குப் போகிற குழுக்கள் தங்கள் வேலையை உழவாரப்பணி என்கிறார்கள். கண்மாய்க்குக் குடிமராமத்து இருந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் மம்பட்டியோடு வர வேண்டும். அதில் கட்டாயமும் இருந்தது. 1858-ல் ஆங்கிலேய அரசு அதைக் கட்டாய உழைப்புச் சட்டமாகவே எழுதிவைத்தது. நாங்கள் செய்வது குடிமராமத்து இல்லை, யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. கூலிக்குச் செய்ய வேண்டிய வேலையைச் சும்மா செய்து யார் கூலியையும் கெடுக்கவும் கூடாது. மேற்குச் சரிவில் தடுப்புக்கல் அடுக்குகிற வேலைக்கு ஊர்க் கல்வேலைக்காரர்கள் இருவரைச் சம்பளத்துக்குத்தான் அழைத்தோம். அடுக்குக்கல் சுவர் தன்னார்வத்தால் நிற்காது. அது கைப்பழக்கம்.

பாதை வேண்டாத இடங்களும் உண்டு. செங்குத்துப் பாறையில் வல்லூறு, ராஜாளி கூடு வைக்கிற முகப்பு, மலைத்தேனீ அடை தொங்குகிற பாறை நிழல், உச்சியில் தண்ணீர் நிற்கிற சுனை, தேவாங்கு இருக்கிற முட்புதர்க்காடு, இவற்றிலிருந்து விலகியே வழி போக வேண்டும். தேனீ விஷயத்தில் விளையாட்டே கூடாது. சென்ட் வாசம், புகை, சத்தம் எது வேண்டுமானாலும் கிளப்பிவிடும். அதனால் எங்கள் கரட்டின் தெற்கு முகத்தை முழுக்க விட்டுவிட்டோம். அங்கிருந்துதான் காட்சி நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கட்டும்.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன்? உடற்பயிற்சி, காற்று, காட்சி எல்லாம் உண்மைதான். எனக்கு வேறொரு காரணம் பெரிதாகப் படுகிறது. ‘தீர்வை ஏற்படாத தரிசு’ என்று பதிவேட்டில் எழுதப்பட்ட ஒரு குன்று, காகிதத்தில் எதற்கும் உதவாத நிலம். மதுரைக்காரர்களுக்கு அப்படிப்பட்ட குன்றுகள் என்னவாயின என்று சொல்லத் தேவையில்லை. மேலூர்ப் பக்கம் பஸ்ஸில் போனாலே, கிரானைட்டுக்காக வெட்டப்பட்டு, அறுத்த கேக் மாதிரி நிற்கும். தப்பித்த குன்றுகளைப் பாருங்கள். யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் பேச்சு 2010-ஐ ஒட்டி வந்தபோது, சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்றார்கள். அந்தப் போராட்டத்தின் ஈரம் காயும் முன் பிறந்ததுதான் பசுமை நடை என்கிற நடைக்குழு. ஆயிரக்கணக்கான ஆட்களைக் குன்று குன்றாக நடத்திக் கூட்டிப்போய்க் காட்டியது. அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமானது. இரண்டே வருடத்தில் அதையும் உள்ளடக்கிய சுமார் 2,015 ஹெக்டேரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டது. ஊர்கள் திரண்டு மதுரைக்கு நடந்தே வந்தன. 2025 ஜனவரியில் மத்திய அரசு அதைக் கைவிட்டது. அந்தக் கூட்டத்தில் நடந்தவர்களுக்கு மலையின் ஒவ்வொரு சுனையும் பேர் சொல்லத் தெரியும். நடமாட்டம் உள்ள மலைக்குக் கேட்க ஆள் இருக்கும் என்பதை நான் அங்கேதான் புரிந்துகொண்டேன். எங்கள் கரட்டுக்கு அரிட்டாபட்டி அளவுக்குப் பெருமை எதுவும் இல்லை. கல்வெட்டு கிடைக்கவில்லை, அருவி கிடையாது. ஆனால் வாரம் தவறாமல் நாற்பது ஐம்பது பேர் ஏறி இறங்குகிறார்கள். அதில் பத்துப் பேருக்காவது எந்தத் திருப்பத்தில் எந்தக் கல் என்று தெரியும். ஒரு நாள் ராத்திரி லாரி ஏறிவந்தால் அடுத்த நாள் காலையில் தெரிந்துவிடும்.

பாதை திறந்ததோடு வேலை முடிவதில்லை. எங்கள் வருடம் இப்படிப் போகிறது. மழை விட்டதும், டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை, மண்ணில் ஈரம் இருக்கும்போது புதுப் பாதை வெட்டுகிறோம்; ஈரமண்தான் மிதித்தால் இறுகும். மார்ச் முதல் மே வரை வெட்டு வேலை இல்லை. காய்ந்த புல்லைப் பாதையோரம் ஒதுக்கித் தீ பரவாமல் பார்ப்பது மட்டும். தீப்பெட்டியோடு யாரும் மேலே ஏறக் கூடாது. ஆடிக்காற்றில் முள் கிளைகள் விழுந்துகொண்டே இருக்கும், பெருக்கிக்கொண்டே இருப்போம். செப்டம்பரில் கவனமான வேலை. மிதிபட்டு மிதிபட்டு வெளி ஓரத்தில் எழுந்திருக்கும் வரப்பை உடைக்க வேண்டும், தாழ்வுகளில் அடைந்த மண்ணை அள்ள வேண்டும். அப்புறம் முதல் பெருமழைக்குக் காத்திருப்போம். பெய்த மறுநாள் காலை விடிந்ததும் இரண்டு பேராவது ஏறிப் பார்த்துவிட்டு வர வேண்டும். தண்ணீர் எங்கே தேங்கியது, எங்கே தப்பாக ஓடியது என்பதற்கான தடம் சில மணி நேரம்தான் மண்ணில் இருக்கும். போன அக்டோபரில் ஏழாவது திருப்பத்தில் அப்படி ஒரு தப்பைக் கண்டுபிடித்தோம். மட்டம் பார்த்த அன்று குழாயில் குமிழ் இருந்திருக்கிறது. ஏற்றம் பதினாறு சதவீதம். இருபது மீட்டரை மூடிவிட்டு, கீழே தள்ளி வேறு வழி வெட்டினோம். மூடிய இடத்தில் விராலியும் ஆவாரையும் விதைத்திருக்கிறோம். ஆவாரை முளைத்துவிட்டது.

இன்னும் முந்நூறு மீட்டர் சேர்ந்தால் பாதை ஒரு சுற்றாக முடிந்து தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். ஆனால் வடக்குச் சரிவின் அந்தத் துண்டு காப்புக்காட்டு எல்லைக்குள் போகிறது என்று சர்வேயர் காட்டினார். மாவட்ட வன அலுவலருக்கு விண்ணப்பமும் வரைபடமும் கொடுத்திருக்கிறோம். பதில் வரும்வரை யாரும் தாண்டக் கூடாது என்பதற்காக, வெள்ளையடித்த வன எல்லைக் கல்லுக்கு நாற்பது அடி முன்னாலேயே பாதையை நிறுத்தி, குறுக்கே ஒரு காய்ந்த உசிலைக் கிளையைப் போட்டு வைத்திருக்கிறோம். ஏறி வருகிறவர்கள் அந்த இடத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்த வழியே திரும்புகிறார்கள். உட்கார வசதியாக அங்கே இரண்டு கல்லைப் புரட்டிப் போட்டிருக்கிறோம்.